நரேலா வயலில் இறங்கிய பாறு

லோதி ரோட்டில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டு மாடிகளில் அந்த அலுவலகம் இருந்தது. நாற்பது நாடுகளில் கிளை வைத்து, காட்டு உயிர்களைக் காப்பாற்றுவதையே வேலையாகக் கொண்ட தொண்டு நிறுவனம். புலிக்கென்று சிலர், ஆற்று ஆமைக்கென்று சிலர், செத்த பிராணிகளைத் தின்னும் பாறுக் கழுகுக்கென்று சிலர். பாதிப் பேர் வருஷத்தில் பாதி நாள் காட்டிலோ ஆற்றங்கரையிலோ கிடப்பார்கள். தமிழ்செல்வி மட்டும் பத்தொன்பது வருஷமாக அங்கே இருந்தும் ஒரு நாள்கூட அப்படி வெளியே போனதில்லை. அவளுக்கு வாசலை ஒட்டிய மேஜை. தொலைபேசியை எடுத்துப் பேசுவது அவள் வேலை.

அந்தத் தொலைபேசியும் சும்மா கிடக்கிற தொலைபேசி இல்லை. சமையலறையில் பாம்பு என்று சாகேத்திலிருந்து யாராவது அலறுவார்கள். மூக்குக் கண்ணாடியைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது என்று ஒரு இணைச் செயலாளர் கூப்பிடுவார். உடும்பைப் பார்த்துவிட்டு முதலை வந்துவிட்டது என்று துவாரகாவிலிருந்து ஒரு குடும்பமே சேர்ந்து பேசும். இதெல்லாம் எங்கள் வேலையில் வராது என்று சொல்லி வைத்துவிடலாம். தமிழ்செல்வி வைக்கமாட்டாள். பாம்பு பிடிக்கிறவர், பறவை ஆஸ்பத்திரி, தீயணைப்பு நிலையம், வனத்துறைக் காவலர், மின்சார சப் ஸ்டேஷன் என்று டில்லி முழுக்க யார் யார் எந்த நம்பரில் கிடைப்பார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. நம்பர் மட்டுமில்லை. காலை ஷிப்டில் யார், அவருக்கு எப்படிப் பேசினால் பிடிக்கும், யாரிடம் முதலில் குழந்தையைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்பதுவரை தெரியும்.

அவள் பிறந்தது ஜங்புராவில், பாராபுல்லா சாக்கடையோரம் இருந்த மதராசி கேம்பில். அம்மா ஆராயி கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்து லோதி காலனி வீடுகளில் பாத்திரம் தேய்த்து அவளை வளர்த்தாள். லோதி ரோடு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது முடித்தாள். கேம்ப்பிலேயே இருந்த கலியனைக் கட்டிக்கொண்டாள். அவன் அரசாங்க நர்சரி ஒன்றில் தோட்ட வேலை செய்தான். 2025 ஜூனில் கேம்ப்பை இடித்தார்கள். இவர்களுக்கு நரேலாவில் நாலாவது மாடியில் ஒரு ஃபிளாட் கிடைத்தது. டில்லியின் வடக்கு ஓரம், அதற்கப்பால் ஹரியானா. முன்பெல்லாம் பதினைந்து நிமிஷம் நடந்து ஆபீஸ் போனவள், இப்போது பஸ்ஸும் மெட்ரோவும் மாறி மாறி இரண்டரை மணி நேரம் போனாள். வேலையை விட்டுவிடு என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அவளுக்கு அந்த யோசனையே வரவில்லை.

செப்டம்பர் மாதம் ஒருநாள் விசாலாக்ஷி அவளை மாடிக்குக் கூப்பிட்டாள். பாறுக் கழுகுப் பிரிவின் தலைவி அவள். ஐம்பத்தைந்து வயது. கரோல்பாக்கில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம்.

"செல்வி, நோக்கு எக்ஸெல் வரும் இல்லையோ? தினம் கார்த்தால வந்ததும் இந்தப் பொண்ணு எங்க இருக்கான்னு பாத்து எழுதி வெக்கணும். நான் பாதி நாள் ஊர்ல இருக்கறதில்லை."

"எந்தப் பொண்ணு மேடம்?"

விசாலாக்ஷி திரையில் ஒரு படத்தைக் காட்டினாள். கஜகஸ்தானில் ஒரு பாறை இடுக்கில் இருந்த கூடு. அதில் பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய குஞ்சு. முதுகில் பள்ளிக்கூடப் பை மாதிரி பட்டை போட்டுக் கட்டிய தீப்பெட்டி அளவு கருவி. வெயிலில் தானே சார்ஜ் ஏறி, மணிக்கொரு தடவை செல்போன் டவர் வழியாகத் தான் இருக்கும் இடத்தைச் சொல்லும். அங்கேயுள்ள கிளை அலுவலகத்தார் கட்டிவிட்டது. அந்த ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதற்கு அல்தின் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர்கள் பாஷையில் தங்கம் என்று அர்த்தமாம்.

"மஞ்சள் முகப் பாறு. திருக்கழுக்குன்றத்துல முன்னெல்லாம் மத்தியானம் ரெண்டு கழுகு வந்து பொங்கல் சாப்பிட்டுட்டுப் போகுமே, அதே ஜாதி. பெருசானா வெள்ளை வெளேர்னு ஆயிடும், மூஞ்சி மட்டும் மஞ்சள். இது இந்த வருஷத்துக் குஞ்சு, அதான் பழுப்பா இருக்கு. குளிருக்கு இந்தியாவுக்கு வரும். வழி சொல்லித்தர யாரும் கிடையாது. தானே வரணும்."

அன்றைக்குப் பிடித்துக்கொண்டது தமிழ்செல்விக்கு. மேஜையில் பையை வைக்கும் முன்பே கம்ப்யூட்டரைத் திறந்துவிடுவாள். பத்து நாளில் அதையும் தாண்டிவிட்டது. பஸ்ஸிலேயே செல்போனில் பார்க்க ஆரம்பித்தாள். அல்தின் உஸ்பெகிஸ்தானைத் தாண்டியது. ஆப்கானிஸ்தான் மலைகளுக்கு முன்னால் மூன்று நாள் நகராமல் உட்கார்ந்துவிட்டது. அந்த மூன்று நாளும் இவளுக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் ஒரே பாய்ச்சலில் இருநூறு கிலோமீட்டர் வந்து மலைக்கு இந்தப் பக்கம் இறங்கியிருந்தது. மெட்ரோவில் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம் செல்போனைக் காட்டி, "தாண்டிடுச்சு பாருங்க," என்று தமிழிலேயே சொல்லிவிட்டாள். அந்தப் பெண்ணும் ஏதோ நல்ல செய்தி என்று நினைத்து, "முபாரக் ஹோ," என்று வாழ்த்தினாள்.

வீட்டிலும் அதே பேச்சுதான். சாப்பிட உட்கார்ந்ததும் கலியன் கேட்பான். "இன்னிக்கு எதுவரைக்கும் வந்துச்சு உன் பொண்ணு?"

"லாகூர் தாண்டிடுச்சுங்க. பார்டர்கிட்ட நிக்குது."

"விசா கேட்டிருப்பாங்க," என்பாள் ஆராயி, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

அக்டோபர் இரண்டாவது வாரம், சனிக்கிழமை, ஆபீஸ் லீவு. காலை ஏழரைக்குக் காபி போட்டுவிட்டுச் செல்போனைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். முந்தின நாள் சாயங்காலம் சோனிபத் பக்கம், யமுனை மணல் திட்டில் இருந்த புள்ளி இப்போது நரேலாவுக்குள் இருந்தது. வரைபடத்தைப் பெரிதாக்கினாள். ரயில் தண்டவாளம் தெரிந்தது. கால்வாய் தெரிந்தது. அவர்களுடைய பிளாக் தெரிந்தது. பிளாக்குக்கும் புள்ளிக்கும் நடுவே மூன்று கிலோமீட்டர் இருந்தால் அதிகம்.

காபியை மறந்துவிட்டு மொட்டை மாடிக்கு ஓடினாள். வடக்கே நெல் வயல்கள். பாதி அறுவடை ஆகியிருந்தது. வானத்தில் நாலைந்து பருந்துகள் சுற்றின. அவற்றின் வால் மீன்வால் மாதிரி பிளந்திருந்தது. பாறுக்கு வால் ஆப்பு மாதிரி நடுவில் கூராக இருக்கும் என்று விசாலாக்ஷி சொல்லியிருந்தாள். அப்படி எதுவும் கண்ணில் படவில்லை. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்த பறவை, எத்தனையோ ஊர் இருக்க, நம் வீட்டுப் பக்கம் வந்து இறங்கியிருக்கிறது என்ற சந்தோஷத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் படபடத்தது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தனியாகச் சிரித்தாள்.

எட்டு மணிக்குப் பார்த்தாள். புள்ளி அதே இடம். ஒன்பதுக்கும் அதே இடம். பத்து மணிக்கு வெயில் நன்றாக ஏறியும் புள்ளி அசையவில்லை. அப்போதுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. வெயில் ஏறினால் சூடான காற்றைப் பிடித்துப் பாறு மேலே போய்விடும். கீழேயே இருந்தால் ஏதோ கோளாறு என்பது அவளுக்குத் தெரியும். கருவி இன்னொரு கணக்கும் சொன்னது. பறவை தரையிலிருந்து ஏழெட்டு மீட்டர் உயரத்தில் இருந்தது. மூன்று மணி நேரமாக.

விசாலாக்ஷியைக் கூப்பிட்டாள்.

"நான் ஜெய்ப்பூர்ல ஒரு மீட்டிங்ல இருக்கேன் செல்வி. நம்ம டீம்ல டில்லில யாருமே இல்லை. ஷ்ரேயாவை அனுப்பறேன், ஆனா அவ கிளினிக் சத்தர்பூர்ல. நரேலா வந்து சேர ரெண்டு மணி நேரம் ஆகும். நீ போய் பாக்கறியா?"

"நானா மேடம்?"

"நீதான். வேற யாரு இருக்கா அங்க?"

ஷ்ரேயா கால்நடை டாக்டர். பறவைகளுக்கு அடிபட்டால் அலுவலகத்தில் எல்லோரும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். தமிழ்செல்வி அவளோடு நூறு தடவை போனில் பேசியிருக்கிறாள். கிளம்பும்போதே ஷ்ரேயா போனில் வந்துவிட்டாள். "அக்கா, ஒரு பெட்ஷீட் எடுத்துக்கோங்க. க்ளவ்ஸ் இருந்தா குட். பேர்டை ஜாஸ்தி பாக்க வேணாம், டச் பண்ண வேணாம். நான் ஜல்தி வரேன்."

கலியன் நர்சரிக்குக் கொண்டுபோகும் தோல் கையுறைகளை எடுத்துக்கொண்டான். தமிழ்செல்வி கட்டிலில் விரித்திருந்த போர்வையை அப்படியே உருவிக்கொண்டாள். கீழே ஒரு ஈ-ரிக்‌ஷா நின்றது. செல்போனைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு இடது, வலது என்று வழி சொன்னாள். தார் ரோடு முடிந்து மண் பாதை வந்தது. அதுவும் முடிந்த இடத்தில் இருவரும் இறங்கி, அறுத்த நெல் தாள்கள் காலில் குத்த வரப்போடு ஓடினார்கள். நாற்பத்திரண்டு வயதில் இப்படி ஓடுவோம் என்று அவள் நினைத்ததே இல்லை.

தூரத்தில் பத்துப் பதினைந்து பேர் கூட்டமாக மேலே பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. வயலின் குறுக்கே மின் கம்பிகள் போயின. உயர் அழுத்த லைன், பதினோராயிரம் வோல்ட். ஒரு கம்பத்துக்குப் பக்கத்தில் கம்பியிலிருந்து ஒரு முழம் கீழே அது தொங்கிக்கொண்டிருந்தது.

ஆகஸ்டில் டில்லி முழுக்கப் பட்டம் விடுவார்கள். அறுந்த மாஞ்சாக் கயிறு மாசக்கணக்கில் கம்பிகளில் கிடக்கும். கண்ணாடித் தூள் பூசிய நூல். அதில்தான் இடது இறக்கை மாட்டியிருந்தது. பறவை தலைகீழாக, ஒரு பக்கம் விரிந்த இறக்கையோடு மெதுவாகச் சுழன்றது. முதுகில் அந்தச் சின்னப் பை. படத்தில் பார்த்த அதே பை. அல்தின்தான். அடுத்த நொடி அது உதறிக்கொண்டது. வலது இறக்கை மேலே எழும்பி, பக்கத்துக் கம்பிக்கு நாலு விரல் தூரம்வரை போய் விழுந்தது. இரண்டு கம்பியும் ஒரே நேரத்தில் பட்டால் அங்கேயே கரிந்துவிடும்.

கூட்டத்தில் ஒரு பெரியவர் நல்ல எண்ணத்தில் நீளமான பச்சை மூங்கிலைத் தூக்கிக்கொண்டு கம்பத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். தட்டிவிட்டால் விழுந்துவிடும் என்பது அவர் கணக்கு. பச்சை மூங்கிலில் மின்சாரம் இறங்கும். தமிழ்செல்வி போட்ட சத்தத்தில் அவர் கையிலிருந்த மூங்கில் கீழே விழுந்தது. இவ்வளவு பெரிய குரல் தன்னிடம் இருப்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"ஒரு பருந்துக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா பஹன்ஜி?" என்று ஒருவன் இந்தியில் கேட்டான்.

அவளும் இந்தியில் சொன்னாள். "சீல் நஹி ஹை பையா. ஜடாயு கா பரிவார் ஹை."

பருந்து இல்லை, ஜடாயுவின் வம்சம் என்றதும் பேச்சு அடங்கியது. ஒருத்தி முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக் கும்பிட்டாள். பெரியவர் தானாகவே எல்லோரையும் பத்தடி பின்னால் தள்ளினார்.

இனிமேல் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். அதற்கு அவளிடம் இருந்தது ஒரு செல்போன். பத்தொன்பது வருஷமாகச் செய்த வேலை. போனைக் காதில் வைத்ததும் குரல் நிதானத்துக்கு வந்துவிட்டது.

குடிவந்து நாலு மாசம்தான் ஆன நரேலாவின் சப் ஸ்டேஷன் நம்பர் மட்டும் அவளிடம் இல்லை. முதலில் மின்சாரப் புகார் எண். ஒரு பெண் எடுத்தாள். புகார் பதிவாகிவிட்டது, நாலு மணி நேரத்துக்குள் ஆள் வரும் என்றாள். தமிழ்செல்வி சண்டை போடவில்லை. "உங்க பேர் என்னம்மா? காலையிலேர்ந்து சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். சாப்பிடவில்லை என்று பதில் வந்தது. "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நரேலா பக்கம் எந்த சப் ஸ்டேஷன், அங்க இப்ப டியூட்டில யாரு?" அந்தப் பெண் கொஞ்சம் தயங்கி, ஒரு நம்பரைச் சொன்னாள்.

சப் ஸ்டேஷனில் எடுத்தவர் சிரித்தார். ஒரு பறவைக்காக லைனை நிறுத்த முடியாது, இந்த லைனில் ஒரு அரிசி ஆலையும் ஆயிரம் வீடும் இருக்கின்றன என்றார்.

"நீங்க நிறுத்தலைன்னாலும் நிக்கத்தான் போவுது சார்," என்றாள் அவள் இந்தியில். "ரெண்டு கிலோ பறவை, இறக்கையை விரிச்சா அஞ்சடி. இன்னும் ரெண்டு தடவை உதறினா ரெண்டு கம்பியையும் தொட்டுடும், உங்க லைன் தானா ட்ரிப் ஆயிடும். அப்புறம் எந்தக் கம்பத்துல கோளாறுன்னு வெயில்ல ரெண்டு மணி நேரம் தேடுவீங்க. நான் கம்பத்துக்குக் கீழேயே நிக்கறேன். நம்பர் சொல்றேன், எழுதிக்கோங்க. பத்து நிமிஷம் நிறுத்தினா போதும்."

மேலே அல்தின் மறுபடி உதறியது. கூட்டம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"அச்சா," என்றது குரல். "கம்பம் நம்பர் என்ன?"

கம்பத்தில் கறுப்புப் பெயின்ட்டில் எழுதியிருந்ததை அவள் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். கால் மணி நேரத்தில் தரம்வீர் என்ற லைன்மேன் மோட்டார் சைக்கிளில் வந்தான். பின்னால் இன்னொருவன் மடக்கு ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வந்ததும் தரம்வீர் பறவையைப் பார்க்கவில்லை, கம்பியைப் பார்த்தான். சப் ஸ்டேஷனோடு பேசினான். "பந்த் ஹோ கயா?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டான். நின்றுவிட்டது என்று பதில் வந்த பிறகும் நம்பாமல், சோதிக்கிற கோலை நீட்டித் தொட்டுப் பார்த்து, எர்த் சங்கிலியைக் கம்பியில் மாட்டினான். அதன் பிறகுதான் ஏணியில் கால் வைத்தான்.

"பத்தே நிமிஷம் பஹன்ஜி. ஆலைக்காரன் என் தலையைத் தின்னுடுவான்."

தமிழ்செல்வி போர்வையின் ஒரு முனையைப் பிடித்தாள். கலியன் ஒரு முனை. மூங்கில் கொண்டுவந்த பெரியவர் ஒரு முனை. கும்பிட்ட பெண் ஒரு முனை. நாலு பேரும் அண்ணாந்தபடி கம்பிக்கு நேர் கீழே நகர்ந்தார்கள். மேலே தரம்வீர் ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் கட்டிங் பிளேயரோடு எட்டினான். பறவை அவன் மணிக்கட்டைக் கொத்தியது. அவன் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு, உடனே "மாஃப் கர்னா ஜடாயுஜி," என்று மன்னிப்பும் கேட்டான். கீழே எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கயிறு அறுந்தது.

பொத்தென்று போர்வையில் கனம் விழுந்தது. தமிழ்செல்வி முழங்காலில் உட்கார்ந்து போர்வையை நாலு பக்கமும் மடித்து மூடினாள். கலியன் கையுறையை அவள் கையில் மாட்டிவிட்டான். செல்போன் ஸ்பீக்கரில் ஷ்ரேயா, "தலையைக் க்ளோஸ் பண்ணுங்க அக்கா, இருட்டா இருந்தா பயப்படாது. இறக்கை ரெண்டையும் பாடியோட சேத்துப் பிடிங்க, அமுக்கக் கூடாது," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். துணிக்குள்ளிருந்து ஒரு நெஞ்சு மிக வேகமாக அடித்துக்கொள்வது தமிழ்செல்வியின் உள்ளங்கையில் தெரிந்தது.

"ஒண்ணுமில்லடி, ஒண்ணுமில்ல. வந்துட்டேன் பாரு," என்றாள் அவள். அதற்குப் பதிலாக அல்தின் அவள் மடியில் வாந்தி எடுத்தது. பயந்துபோனால் பாறு அப்படித்தான் செய்யும். என்ன தின்றிருந்ததோ, அந்த நாற்றத்தில் பெரியவர் ஐந்தடி தள்ளிப் போய்விட்டார். கலியன் மூக்கைப் பிடித்துக்கொண்டான். தமிழ்செல்வி அசையவில்லை. அவள் கண்ணில் நீர் வழிந்தது. நாற்றத்தாலா, வேறு எதனாலா என்று கலியன் கேட்கவில்லை.

தரம்வீர் சங்கிலியைக் கழற்றி, லைனைப் போடச் சொல்லிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "ஒன்பது நிமிஷம்," என்றான் பெருமையாக. பிறகுதான் முதல் தடவையாகப் போர்வைக்குள் எட்டிப் பார்த்தான். "இது எங்கேர்ந்து வருது?"

"கஜகஸ்தான்."

"அது எங்க இருக்கு?"

அவள் செல்போனை அவனிடம் கொடுத்தாள். வரைபடத்தில் அந்தக் கோட்டைத் தரம்வீர் விரலால் பின்னோக்கி இழுத்துக்கொண்டே போனான். பஞ்சாப் போயிற்று, லாகூர் போயிற்று, மலைகள் போயின. கூட்டமும் அவன் தோள்மேல் குனிந்துகொண்டது. கோடு முடியவே இல்லை என்று கண்டபோது, "பாப் ரே," என்று மெல்லச் சொல்லி, கொத்துப்பட்ட மணிக்கட்டைத் தடவிக்கொண்டான்.

ஷ்ரேயா வந்து சேர்ந்தபோது மணி ஒன்று ஆகிவிட்டது. மளிகைக் கடையில் வாங்கிய அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு அல்தினை உள்ளே வைத்திருந்தார்கள். அவள் இறக்கையை விரித்து, வெட்டுக் காயத்தைச் சுற்றி விரலால் தடவி எலும்பைத் தேடினாள்.

"எலும்பு ஓகே," என்றாள் ஷ்ரேயா. "தசைதான் வெட்டியிருக்கு. இன்னும் ஒரு மணி நேரம் தொங்கியிருந்தா இறக்கை போயிருக்கும். அக்கா, இது பறக்கும்."

அன்று சாயங்காலம் நாற்றமடிக்கிற புடவையோடு வீட்டுக்குள் நுழைந்த மகளை ஆராயி வாசலிலேயே நிறுத்தினாள். விஷயத்தைக் கேட்டதும், "எங்க அத்தை அந்தக் கழுகைப் பாக்க திருக்கழுக்குன்றம் மலை ஏறி, வெயில்ல உக்காந்துட்டு, பாக்காமலே எறங்கி வந்துச்சு. நீ மடியில வச்சிருந்தியா?" என்றாள். பிறகு வாளியில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள்.

தையல் போட்டு இருபத்திரண்டு நாள் அல்தின் சத்தர்பூரில் இருந்தது. முதல் வாரம் கூண்டு. அப்புறம் பறந்து பழகப் பெரிய வலைக் கொட்டகை. தமிழ்செல்வி வாரம் இரண்டு தடவை ஆபீஸ் முடிந்து போய்ப் பார்த்தாள். மனுஷர்களுக்குப் பழகிவிடக் கூடாது என்பதால் ஓட்டை வழியாகத்தான் பார்க்க வேண்டும். பேசக் கூடாது. அது மட்டும் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. ஒருநாள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் கஜகஸ்தான் அலுவலகத்திலிருந்து வீடியோவில் ஒரு பெண் வந்தாள். பின்னால் முப்பது பள்ளிக்கூடப் பிள்ளைகள். கொட்டகையில் அல்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பறந்த படத்தை இங்கிருந்து காட்டினார்கள். பிள்ளைகள் பெஞ்சில் ஏறிக் குதித்தார்கள். பிறகு அந்தப் பெண் ஏதோ சொல்ல, எல்லோரும் சேர்ந்து "தா-மில்-செல்-வி" என்று கத்தினார்கள். தமிழ்செல்வி வாசல் மேஜையிலிருந்து எழுந்து போய்க் கழிவறையில் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

நவம்பர் முதல் வாரம் விசாலாக்ஷி அவளைக் கூப்பிட்டு, "பிகானேர் பக்கம் கொண்டுபோய் விடப்போறோம். குளிர்காலத்துல அங்க நூத்துக்கணக்குல பாறு சேரும். நீயும் வா," என்றாள்.

"போன் யாரு மேடம் பாப்பாங்க?"

"ரெண்டு நாள் டில்லி தானா பாத்துக்கட்டும். வா."

விடியற்காலையில் ஜீப்பில் கிளம்பினார்கள். ரோத்தக், ஹிசார் தாண்டியதும் மரங்கள் குட்டையாகி, மண் வெளுத்துக்கொண்டே வந்தது. தமிழ்செல்வி ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அன்றிரவு அங்கே தங்கி, மறுநாள் காலை பத்து மணிக்கு, காற்றுச் சூடேறக் காத்திருந்து, ஒரு மணல் மேட்டில் பெட்டியை வைத்தார்கள். கொஞ்ச தூரத்தில் வெள்ளை வெளேரென்று பெரிய பாறுகள் தரையில் நடந்துகொண்டிருந்தன. மேலே வெவ்வேறு உயரங்களில் இன்னும் பல.

"நீயே திற," என்றாள் விசாலாக்ஷி.

கதவைத் தூக்கினாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு கூரான மெல்லிய அலகு வந்தது. தலை வந்தது. அல்தின் வெளியே வந்து, நாலடி நடந்து, நின்று, ஒரு தடவை சிலிர்த்துக்கொண்டது. இறக்கையை விரித்தது. இரண்டும் ஒரே அளவு விரிந்தன. ஓடியது, எழும்பியது, கொஞ்சம் தாழ்ந்தது, மறுபடி எழும்பியது. மணல் மேட்டின் சரிவில் சூடான காற்றைப் பிடித்துக்கொண்டு வட்டமடிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு வட்டத்துக்கும் சிறிதாகிக்கொண்டே போனது. ஷ்ரேயா பைனாகுலரைக் கொடுத்தும் தமிழ்செல்வி வாங்கவில்லை. அவளுக்கு அது வெறும் கண்ணுக்கே தெரிந்தது. ஆப்பு மாதிரி கூரான வால்.

"இனிமே ரெண்டு மூணு வருஷம் இங்கதான் சுத்திண்டிருக்கும்," என்றாள் விசாலாக்ஷி. "பெருசானப்புறம்தான் ஊருக்குத் திரும்பும்."

இப்போது தமிழ்செல்வி வாரத்தில் நாலு நாள் வாசல் மேஜையில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை நரேலா, பவானா வயல்களில் மின் கம்பி வழியாக நடக்கிறாள். எந்தக் கம்பத்தில் மாஞ்சா தொங்குகிறது என்று எழுதிக்கொண்டு வருவது அவள் வேலை. மாசத்தில் ஒருநாள் லைனை நிறுத்திக் கொடுக்கும்போது தரம்வீர் ஏறி அறுப்பான். முதல் நாளே அறுபத்தொரு கம்பங்களில் அறுத்தான். அறுத்த நூலை ஒரு கோணிப்பையில் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு இருவரும் வரப்பில் நடந்து வந்தார்கள். மின்சாரம் இல்லாமல் அரிசி ஆலைக்கு முன்னால் நின்றிருந்த ஆலைக்காரன் அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவுமா கம்பியில் இருந்தது என்று கேட்டு, உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, இரண்டு பேருக்கும் லஸ்ஸி கொண்டுவரச் சொன்னான்.